கடைசி ஆறு இணைப்புகள்

மார்ச் 8, சனி

மழை. நனைந்தால் போதும், ரயில் பெட்டிக்குள் கோழி வாடை கிளம்பிவிடுகிறது. நாற்பது வருடம் ஒரு பண்ணையில் கோழிக்கூடாகக் கிடந்த பெட்டி. மூடிக்கிடந்த ரயில் பாதையை மறுபடி ஓட வைக்கக் கிளம்பிய தன்னார்வலர்கள் நாங்கள் இழுத்து வந்து, சுரண்டி, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தும் போகவில்லை. "டிக்கெட்டோட ஆளுக்கொரு முட்டையும் குடுத்துடலாம்" என்றாள் நெரிஸ். முப்பது வருடம் கணக்கு டீச்சர். சிரிக்காமல் சொல்வாள்.

பிற்பகல் தண்டவாளம் தூக்கினோம். ஒரே உயரக்காரர்களைத்தான் தண்டவாளத்தைக் கவ்வித் தூக்கும் ஒரு இடுக்கியின் இரு பக்கமும் நிறுத்துவார் எங்கள் மேஸ்திரி டெல்வின்; இல்லாவிட்டால் பாரம் ஒருவர் மேல் சாய்ந்துவிடும். நெரிஸுக்குச் சரியான உயரம் நான்தான். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவள் அடி வைக்கும்போது நானும் அடி வைக்கிறேன்.

மார்ச் 15, சனி

தேநீர் வேளையில் சாதாரணமாகச் சொன்னாள்: "மே மூணாம் தேதி பெட்டி ஓடிட்டா என் வேலை முடிஞ்சுது. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, கார்டிஃப்ல மககிட்டயே போயிடறேன்."

"நல்லதுதானே" என்றேன்.

நல்லதுதானேவாம். வாய் இருந்து என்ன புண்ணியம்?

மார்ச் 18, செவ்வாய்

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். என் மனைவி மெய்ர் இறந்து ஒன்பது வருடம். இந்த வீடு இவ்வளவு பெரிதாக ஒருநாளும் தெரிந்ததில்லை. நெரிஸ் போய்விட்டால் சனிக்கிழமையும் இன்னொரு செவ்வாய்தான்.

மார்ச் 29, சனி

வேலை நீளட்டும் என்று, தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். "என்னப்பா அலுன், சவமா தூக்கிட்டுப் போறே?" என்றார் டெல்வின்.

ஏப்ரல் 12, சனி

கடைசி ஆறு இணைப்பும் முடிந்தது. தண்டவாளங்கள் சேரும் இடத்தில் நெரிஸ் ஒரு தகட்டைச் செருகுவாள், நான் போல்ட்டை முறுக்குவேன், அவள் தகட்டை உருவுவாள். தகட்டின் கனத்துக்கு ஒரு இடைவெளி நிற்கும்; வெயிலில் இரும்பு நீள அது வேண்டும். இன்று நான் இணைப்பைப் பார்க்கவேயில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

பரிசோதகர் வந்தார். கடைசி ஆறு இணைப்புகளில் இடைவெளியே இல்லை, இரும்போடு இரும்பு முட்டி நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றி இழுத்து வைக்க வேண்டும். முதல் ஓட்டம் மே பதினேழுக்குப் போய்விட்டது.

"முறுக்குனது யாரு?" என்றார் டெல்வின்.

"நான்தான்."

திட்டித் தீர்த்தார். தலைகுனிவுதான். ஆனால் உள்ளுக்குள் — இன்னும் இரண்டு சனிக்கிழமை கூடுதல். வெட்கங்கெட்டவன் நான்.

ஏப்ரல் 26, சனி

முதல் இணைப்பில் தகட்டைச் செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பழியை நீங்க ஏன் ஏத்துக்கிட்டீங்க? தகடு வைக்காம விட்டது நான். கணக்கு டீச்சர் ஆறு தடவை மறப்பேனா?"

"பின்னே ஏன்?"

"பரிசோதகர் எப்படியும் கண்டுபிடிப்பாருன்னு தெரியும். முடிஞ்சிடக் கூடாதுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "போகாதீங்க, நெரிஸ்" என்றேன். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததில் அவ்வளவுதான் வந்தது.

"மொதல்ல போல்ட்டை முறுக்குங்க" என்றாள்.

மே 17, சனி

பெட்டி ஓடியது, கோழி வாடையோடுதான். நெரிஸ் வீட்டு வாசலிலிருந்த 'வாடகைக்கு' பலகையை நேற்று நான்தான் பிடுங்கினேன்.

கார்டிஃபிலிருந்து அவள் மகள் வந்திருந்தாள். என்னை நெரிஸ் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா சொன்னது சரிதான். ஒரே உயரம்."