கடையம் அண்ணாச்சி மாற்றிய காயில்

ஜூலை 12, சனி

காலையில் ஹாம் ரேடியோவில் எல்லோரும் கேட்கக் கடையம் அண்ணாச்சியிடம் சொன்னேன்: "உங்க சிக்னல் ரெண்டு இடத்துல வருது அண்ணாச்சி. டிரான்ஸ்மிட்டரைக் கொஞ்சம் பாருங்க."

மத்தியானம் செங்கோட்டை நண்பர் பேசினார். அவரும் என் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு இடத்தில் தெரிந்தார். கோளாறு நான் கட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் எஸ்.டி.ஆர் ரிசீவரில்தான். அதன் ஃபேஸ் ஷிஃப்ட் சர்க்யூட், வரும் சிக்னலை இரண்டு வழியாகப் பிரித்து, ஒன்றை மற்றதிலிருந்து சரியாகத் தொண்ணூறு டிகிரி தள்ள வேண்டும். அளந்தால் எண்பத்து நான்கு. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் திரையின் எதிர்ப்பக்கம் ஒரு போலி சிக்னல். கெபாசிட்டர்களை அளக்காமல் பற்றவைத்த சோம்பேறித்தனம். வீட்டில் எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். உட்கார்ந்து கெபாசிட்டர்களை அளந்து, ஒரே மதிப்புள்ளவையாக ஜோடி பார்த்து மாற்றினேன். போலி மறைந்தது.

ஆறு மணிக்கு அண்ணாச்சி மறுபடி ரேடியோவில் வந்தார். பகல் முழுக்கச் செட்டைப் பிரித்துப் போட்டிருந்திருக்கிறார்.

"யம்மா, ஒரு காயிலக் கம்பி மாத்திப் புதுசா சுத்திப் போட்டிருக்கேன். இப்ப எப்படிக் கேக்குது?"

"இப்ப ஒரே இடத்துலதான் வருது அண்ணாச்சி."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, பாத்துக்கோ." அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

கேட்டுக்கொண்டிருந்த செங்கோட்டை நண்பர், தன் செட்டிலும் அதே காயில்தான், இன்றைக்கே பிரித்துவிடுகிறேன் என்றார். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, ரிசீவரை மூடித் திருகாணிகளை முடுக்கினேன்.