சிங்கிள் ஓனர், ரெண்டு சாவி

பழைய வண்டியின் டயருக்குக் கறுப்பு பாலிஷ் பூசுவீர்களே, அந்த வாசனை இன்று காலை செவிலிமேட்டில் உன் ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே மூக்கில் ஏறியது. உன் சட்டையில், நகக்கண்ணில், எங்கள் வீட்டில் நீ காபி குடித்துவிட்டு வைத்த டம்ளரில்கூட அந்த வாசனை இருக்கும். நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம்வரை அந்த வாசனை வந்திருந்தால் கண் கலங்கியிருப்பேன். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஐயம்பேட்டையில் வீடுகளுக்கு வயரிங் போடப் போனேன், நீ பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஆனாய். என்னைப் பெயர் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை. "டேய் கரண்டு!" என்று ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவாய். வருகிற பைக்கை ஒரு உதை உதைத்து, இன்ஜின் சத்தத்தைக் காதில் வாங்கி, அங்கேயே விலை சொல்லுவாய். "வண்டிக்கு ஏதுடா வெல? வாங்க வர்றவன் அவசரத்துக்குத்தான் வெல" என்பாய். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் வண்டியைப் புதிதாக எடுத்த அன்று நீதான் கூட வந்தாய். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் எதுவும் இருந்ததில்லை. அப்பா கடைசி வரை அடுத்தவர் கழனியில் கூலி. ஆர்.சி. புக் கைக்கு வந்ததும் என் பெயரையும், அதற்குக் கீழே இருந்த அப்பா பெயரையும் நீ சத்தமாகப் படித்துக் காட்டினாய். "இன்னொரு வாட்டி படிபா" என்றார் அப்பா. சலிக்காமல் மூன்று தடவை படித்தாய். இப்போது எனக்கு இவ்வளவு எரிவதற்குக் காரணமே அதுதான். அந்தப் பெயர் எங்களுக்கு என்ன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நீ.

கொரோனாவில் பஸ் ஓடாமல் ஊரே அடைந்து கிடந்து, பிறகு கம்பெனிகளைத் திறந்தார்களே, அப்போது ஒரகடம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் பழைய வண்டிக்கு நாயாய் அலைந்தார்கள். ஷோரூமில் புது வண்டி வரவில்லை, வந்தது விலை ஏறி வந்தது. ஓடுகிற எதற்கும் ஆள் இருந்தது. நீ மூச்சிரைக்க வந்து நின்றாய்.

"கரண்டு, இப்ப குட்த்தா ராஜா வெல. நாளைக்கு பேட்டரி ஸ்கூட்டர் வந்துக்கினே இருக்குது. அப்பறம் இத பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்."

மகளை நர்சிங்கில் சேர்க்க வேண்டிய நேரம். சரி என்றேன். வெறும் ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாய். வாங்குகிறவன் பெயரை நீயே எழுதிக்கொள்வதாகச் சொன்னாய்.

"பேரு மாத்திடுவ இல்ல?" என்று கேட்டேன்.

"ஒரே வாரம்பா. என்னாண்டயே கேக்கறியா நீ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்து, பேர் மாற்றியாகிவிட்டது என்றாய். நம்பினேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. "ரெண்டு சாவியும் குடு. சிங்கிள் ஓனர், ரெண்டு சாவின்னா வாங்கறவன் மறுபேச்சு பேசமாட்டான்" என்று நீ கேட்டபோது, ஒரு சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். முதல் வண்டி. அதிலிருந்து ஏதாவது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்தச் சாவியை வீட்டுச் சாவியோடு கோர்த்துக்கொண்டேன். நீ வரும்போதெல்லாம் சாவிக்கொத்தை லுங்கி மடிப்பில் ஒளித்துக்கொள்வேன். தை மாதம் உன் பாடைக்குத் தோள் கொடுத்தபோதுகூட, "உன்ன ஏமாத்திட்டேன்டா, மன்னிச்சுக்கோ" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பாலாற்றங்கரை வரை நடந்தேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்! நினைத்தாலே தூ என்று துப்பத் தோன்றுகிறது.

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து போன். ஓரிக்கை திருப்பத்தில் ஒரு வண்டி, வேலை முடிந்து நடந்து வந்த ஒரு அம்மாவை இடித்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் முறிவு. ஓட்டியவன் உதவி செய்கிறவன் மாதிரி வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டுக் கூட்டத்தில் நழுவிவிட்டான். இன்சூரன்ஸ் கட்டியே பல காலம் ஆகிறதாம். நம்பரைத் தட்டிப் பார்த்தால் என் பெயர் வருகிறது. மகளும் தன் போனில் பார்த்தாள். "அப்பா, இதுவரைக்கும் ஒரே ஓனர்னு காட்டுது. அது நீதான்" என்றாள்.

அதைக் கேட்கத்தான் இன்று உன் ஷெட்டுக்குப் போனேன். உன்னிடம் வேலை பார்த்தவர்தான் இப்போது அதை நடத்துகிறார். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"அண்ணன் அத நாலு வாட்டி வித்தாருபா. வாங்கறவன் கொஞ்ச நாள் ஓட்டிட்டு திரும்ப இங்கயே கொணாந்து வுடுவான். பேரு மாத்தினா செகண்டு, தேர்டுன்னு வெல எறங்கிக்கினே பூடும். உங்க பேர்லயே வுட்டா எப்பவும் சிங்கிள் ஓனர்தானே?"

டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்ட ஃபாரம். ஒரு எழுத்துகூட நிரப்பாமல் அப்படியே இருந்தது. நாலு தடவை விற்றாயேடா, பாவி. அந்த நாலு தடவைக்கு நடுவிலும் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தாயே, எப்படி இறங்கியது உனக்கு?

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்கு வித்தேன்னு இதுல ஒண்ணுமே இல்லியேப்பா" என்றார். அடிபட்ட அம்மாவின் புருஷனும் அங்கே இருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்களயும் நல்லா ஏமாத்திக்கிறாங்கபா" என்று தோளைத் தொட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரத்தில் என்னை நம்பிய முதல் ஆள்.

வெளியே முற்றத்தில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நகர்த்தப் பார்த்தார். ஹேண்டில் பூட்டியிருந்தது, சாவி ஓட்டினவனோடு போய்விட்டது. இரும்பு ராடை எடுத்து வந்து பூட்டை உடைக்கக் குனிந்தார். நம் வண்டிதான். எங்கள் வீட்டுக் கேட்டில் நான் இடித்த நெளிவு டேங்கில் அப்படியே இருந்தது.

"இருங்க சார், ஒடச்சிடாதீங்க!"

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. சாவிக்கொத்து கைக்கு வந்தது, சாவி உள்ளே போனது, ஒரே திருப்பு. பூட்டு திறந்துகொண்டது. போலீஸ்காரர் ராடைக் கீழே போட்டார். அந்த அம்மாவின் புருஷன் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வித்துட்டேன்னியேப்பா. சாவி ஏது?"

நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு கதை விட்டுச் சமாளித்திருப்பாய். எனக்கு அது வராதுடா. உன்னிடம் சொன்ன ஒரே ஒரு பொய் அந்த மனுஷன் முன்னால் வந்து நின்றது. அதன் முகத்தைப் பார்த்த பிறகு, நான் சொன்ன உண்மையை அவர் எப்படி நம்புவார்?

சாவியை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன்னைக் கேட்க வழியில்லை, ஓட்டியவன் யாரென்று தெரியவில்லை. மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான், நீ மூன்று தடவை படித்துக் காட்டிய பெயர். அதற்குக் கீழே அப்பா பெயரும் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வண்டி யாருதுப்பா என்று அந்த அம்மா கேட்டால், என்னுதுதாம்மா என்று சொல்லப் போகிறேன். எத்தனை கை மாறினாலும் நீ சொல்லி விற்ற மாதிரியே ஆகிவிட்டது, பார்த்தாயா? சிங்கிள் ஓனர்.