பத்தேகால் மணிச் சிரிப்பு

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் மாடி லேடீஸ் டாய்லெட்டில், நானே துடைத்த கண்ணாடிக்கு முன்னால் நின்று தினமும் பல்லைக் காட்டுகிறேன். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி, என் பேரை நானே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் பொண்ணு உள்ளே வந்து பார்த்துவிட்டது. "ஆன்ட்டி, ஓகேவா?" என்றது. "ஓகேம்மா, வாய் நேராத்தான் கீது" என்றேன். அது கைகூடக் கழுவாமல் போய்விட்டது. பக்கெட்டிலிருந்து பினாயில் வாசனை குப்பென்று ஏறியது. என்னோடு மாடி கழுவிய நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

பூஞ்சேரியில் கம்பெனி வேன் ஏறினால் சிறுசேரி வரும்வரை என் வாய்க்கு நீதான் தீனி. கொரோனாக் காய்ச்சல் போய் மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாய். மூக்கு மட்டும் செத்தே கிடந்தது. வாசனை தெரியாமல் பினாயிலை ஊற்றிக்கொண்டே இருப்பாய், மாடி முழுக்கக் கண்ணைக் கசக்கும். "இன்னாடி, ஆபீசு கழுவுறியா, கொசு மருந்து அடிக்கிறியா?" என்பேன். கழுவிய இடத்தையே திரும்பக் கழுவினாய். கழுவியதும் கையெழுத்துப் போடச் சொல்லிக் கதவில் ஒட்டிய தாளில் ஒரே கட்டத்தில் இரண்டு கையெழுத்துப் போட்டாய். "தலைக்குள்ள பஞ்சு அடைச்சா மாதிரி கீதுடி" என்றாய். "முன்னாடி மட்டும் உள்ள இன்னா இருந்துச்சி?" என்று கேட்டவள் நான்தான். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதனால் எனக்குப் பயமே வரவில்லை.

நம் சூப்பர்வைசர் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாயைக் கோணிப் பேசுவாரே, டீ நேரத்தில் நீ அவரை மாதிரியே செய்து காட்டுவாய். அன்றைக்கும் பத்தேகாலுக்கு டம்ளரோடு உட்கார்ந்தோம். உன் வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சு கொழகொழத்தது. நான் கைதட்டினேன். "இன்னும் கொஞ்சம் கோணுடி, அப்பிடியே அவுருதான்!" என்றேன். நீ விடாமல் செய்தாய். நானும் விடாமல் சிரித்தேன். பத்தரைக்கு எழுந்து மாப்பை எடுக்கப் போனாய். வலது கை மாப்பைத் தொட்டது, பிடிக்கவில்லை. அப்போதுதான் உன் கண்ணைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை.

கீழே முதலுதவி ரூம் நர்சம்மா உன்னிடம் மூன்றே மூன்று சொன்னார். "சிரிங்க. ரெண்டு கையும் தூக்குங்க. பேரு சொல்லுங்க." பாதி சிரித்தாய். ஒரு கைதான் ஏறியது. உன் பேர் உனக்கே வரவில்லை.

திருப்போரூர் தாண்டி செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை ஆம்புலன்சில் உன் வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அது என் கையைப் பிடிக்கவில்லை. ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" பத்தரை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரம் நான் கைதட்டியது யாருக்குத் தெரியப்போகிறது? "கரெக்டா சொல்லும்மா. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. நேரம் தப்பாச் சொன்னா அந்த ஊசியே ஆபத்து" என்றார்.

"பத்தேகாலு டாக்டர். நடிக்கிறான்னு நெனச்சி சிரிச்சிகினு இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்களா?"

"பத்து மணிக்கு என் கொண்டையப் பாத்து காக்கா கூடுன்னு சொன்னா."

டாக்டர் திட்டவில்லை. "நீ சிரிச்ச நேரமாவது தெரியுதே" என்று எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்புறம்தான் விளக்கினார். கொரோனா நெஞ்சோடு நிற்பதில்லையாம். சிலருக்கு ரத்தம் கட்டி, மூளைக்குப் போகிற குழாயை அடைத்துவிடுமாம். மூக்குப் போனது, பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, எல்லாம் அதே நோயின் வேலையாக இருக்கலாமாம்.

ஊசி கேட்டது. பத்து நாளில் பேச்சு முக்கால்வாசி திரும்பியது. வலது கைதான் கடைசிவரை வரவில்லை. நீ முதலில் முழுசாகப் பேசியது என்னிடம்தான்: "கால் மணி நேரம் ஆட்டம் பாத்தியே, டிக்கெட்டு வாங்கினியாடி?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி அடைத்து நீ போய்ச் சேர்ந்தபோது வீட்டில் தனியாக இருந்தாய். எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல யாருமில்லை. சிரிக்கக்கூட ஆளில்லை.

அதனால் இப்போது யாரையும் விடுவதில்லை. வேனில் ஏறுகிற எல்லாருக்கும் தினமும் அந்த மூன்று பரீட்சை உண்டு. யாராவது கோணல் பண்ணிக் காட்டினால் முதலில் மணி பார்க்கிறேன், அப்புறம்தான் சிரிக்கிறேன்.

இன்று காலை பூஞ்சேரியில் டிரைவர் அண்ணாத்தையின் முறை. சிரித்தார். பேரைச் சொன்னார். "ரெண்டு கையும் தூக்கு அண்ணாத்த" என்றேன். இரண்டும் சரிசமமாக மேலே போயின. இரண்டிலும் டீ டம்ளர் இருந்தது, கொட்டியது என் மேல். அவருக்கு ஒன்றும் இல்லை.