பெரியவரின் கசிவும் உன் அப்பாவின் மூக்கும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே மேலுக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா என் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அவரும் அந்த முடிதிருத்துபவரும் பேச ஆரம்பித்தால் ஊர்க்கதை தீர்ந்தாலும் கத்தரிக்கோல் ஓயாது, அதனால் எனக்கு நேரம் இருக்கிறது. மழை வருவேனா மாட்டேனா என்று வெளியே நிற்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், கீழே நம் பெரியவர் நனைந்துகொண்டு நிற்கிறார். இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினால் பெரியவர் என்பது நம் பழைய டீசல் கார் என்று முதலிலேயே சொல்லிவிடு, யாரையோ மழையில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பதறப் போகிறார்.

மழை தொடங்கிய சமயம் ஒரு நாள் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. கரை தெரியாத தண்ணீரில் படகில் போகிறேன், தண்ணீர் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் மினுங்குகிறது, கையை விட்டு அளைந்தால் வழுக்குகிறது, பயமே இல்லை, எங்கே போகிறோம் என்ற கேள்வியும் இல்லை. விழித்தபோது படகும் தண்ணீரும் போய்விட்டன, வாசனை மட்டும் அறைக்குள் நிற்கிறது. டீசல். எழுந்து கீழே போய்ப் பார்த்தால் பெரியவரின் வயிற்றுக்கடியில் தேங்கிய மழைநீரில் அதே மயில் கழுத்து நிறம். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார், "பழைய கறைம்மா, மழையில ஊறி மேல வந்திருக்கு. வாசனையெல்லாம் ஒண்ணும் வரலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். காலமெல்லாம் பஸ் பணிமனையில் இன்ஜின் பிரித்தவர் அவர், வண்டி உள்ளே நுழையும்போதே எரிவது ஆயிலா கிளட்சா என்று மூக்காலேயே சொல்லிவிடுவார் என்று உனக்கே தெரியும். அவரே இல்லை என்றால் இல்லைதானே. உன் பெரியம்மா கடைசி நாட்களில் புத்தி தடுமாறி, யாரோ மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டார்கள், துடையுங்கள் துடையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளே, அது எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்தேன். அதன்பிறகு வாசனை வரும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஜன்னலை மட்டும் சாத்திவிடுவேன்.

அப்படியே சில நாள் போனது. பிறகு பால் தீய்ந்த கதை நடந்தது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் சமையலறை மேசையில் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தார். கருகிய நாற்றம் மாடிக்கே வந்துவிட்டது. ஓடி வந்து பார்க்கிறேன், பால் பொங்கி வற்றி அடிபிடித்துப் பாத்திரம் கரியாகிக் கிடக்கிறது, இவர் கைக்கெட்டும் தூரத்தில் நிம்மதியாகத் திருகாணி தேடிக்கொண்டிருக்கிறார். அடுப்பை அணைத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே சிட்டு, தூக்கத்தில் நடந்தவரை நடுவழியில் எழுப்பிவிட்டாற்போல் இருந்தது. அவராகவே, "மழைக்கு முன்னால வந்துச்சே, அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எந்த வாசனையுமே தெரியல. சோப்பும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "மூக்கு போன மெக்கானிக்குன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு பக்கம் நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்து மறுபக்கம் வெட்கம். பாத்திரத்தை ஊற வைத்துவிட்டு, "என் மூக்கு சும்மாதானே இருக்கு, எடுத்துக்குங்க. வாங்க, பெரியவருக்கு என்ன கேடுன்னு பார்ப்போம்" என்றேன்.

முதலில் காரின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்தோம். மறுநாள் காலை இழுத்துப் பார்த்தால் இரண்டு விதமான கறை. ஒன்று கறுப்பாக, தடிப்பாக, விழுந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. மற்றது நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதுபோல வெளிறிப் பரந்திருந்தது. கறுப்பு ஆயில், வெளிறியது டீசல், ஆக ஒரு நோய் இல்லை, இரண்டு என்றார். "கசிவு தெரியுற இடம் ஒண்ணு, கசியுற இடம் இன்னொண்ணு. கீழே இறங்கும், ஓடுற காத்துல பின்னால போகும். ஈரத்துல எது உச்சியில இருக்கோ, அங்கதான் தேடணும்" என்றார். ஒயர் சேருமிடங்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு இன்ஜினைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டோம். பிறகு என் முகப் பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டு போய் மேலிருந்து கீழ்வரை தூவினார். அழுக்கு மூட்டையாகக் கிடந்தவர் பனி பெய்த மலை மாதிரி ஆகிவிட்டார். இன்ஜினை ஓடவிட்டதும் அந்த வெள்ளையெல்லாம் மெல்ல நடுங்கியது. தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருவரும் பானெட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்பக்க மூலையில், இன்ஜினின் உச்சியை மூடியிருக்கும் டாப்பெட் கவரின் ஓரத்தில் பவுடர் கறுத்தது. கறுத்த கோடு மெதுவாக நகர்ந்து, முதுகுப்பக்கமாகவே இறங்கி, அடியில் உள்ள ஆயில் சட்டியின் விளிம்பில் போய்த் தொங்கியது. கவருக்கு அடியில் இருந்த ரப்பர் பேக்கிங் காய்ந்து வெடித்திருக்கிறது. அப்பாவி சட்டியைக் கழற்றியிருந்தால் வெட்டி வேலையாகப் போயிருக்கும்.

டீசல் மட்டும் பவுடருக்குப் பிடி கொடுக்கவில்லை. காலையில் பெரியவர் இருமி இருமித்தான் கிளம்புவார், டீசலை ஏற்றும் கைப்பம்பை அழுத்தினால்தான் உயிர் வரும், அதை வைத்து அப்பா யோசித்தார். "நிக்கிறப்ப சொட்டுது, ஓடுறப்ப அதே ஓட்டையில காத்தை உறிஞ்சுது. அதான் ஓடவிட்டா வெளிய ஈரமே தெரியல" என்றார். பம்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைக் கோத்துக் காட்டினார், பொன் நிறத்தில் டீசல் ஓட ஓட அதற்குள் குமிழிகள் முத்துமுத்தாக வரிசை கட்டிப் போயின. அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் நோய் என்று நம்பவே மனம் வரவில்லை. ஆனால் காற்று நுழைவது எங்கே என்று தெரிய வேண்டுமே. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்துக் குழாய் குழாயாக அழைத்துப் போனார். இங்க? இல்ல. இங்க? லேசா. இங்க? வடிகட்டிக்குப் பின்னால் என் மூக்கு நின்றுவிட்டது. மேல்பக்கம் பார்த்தால் அந்த ரப்பர் குழாய் நேற்று வாங்கியதுபோல் இருந்தது, திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு. சொட்டு விழுந்த வழியில் ஒயர் உறை உப்பி நைந்து உள்ளே செம்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீ சொன்ன அன்னிக்கே கேட்டிருக்கணும். உன்னை உக்கார வச்சுப் போறப்பவே பத்திக்கிட்டிருக்கும்" என்றார், என் கையை மட்டும் விடவில்லை.

புதுக் குழாய், புதுப் பேக்கிங், ஒயருக்குப் புது உறை எல்லாம் போட்டாயிற்று. குமிழிகள் ஓய்ந்தன, பெரியவர் சாவியைத் திருப்பியதும் இளவட்டம் மாதிரி எழுந்தார். ஒரு விடியற்காலை ஏரிக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மூடுபனி, எதிரே வரும் வண்டிகளின் விளக்கு மட்டும் மிதந்து வந்து மறைந்தது. இப்ப என்ன வாசனை, இப்ப என்ன வாசனை என்று அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார், ஈரப்புல், யாரோ சுள்ளி எரிக்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன், ரேடியோவில் பாட்டுக் கேட்பவர்போல் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு வந்தார். திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். "ஏதோ கருகுது" என்றார். இறங்கி பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து இண்டு இடுக்கெல்லாம் பார்த்தோம், எல்லாம் காய்ந்து கிடக்கிறது, சூடான இரும்பைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்ததும், "இல்ல, இங்கதான் கருகுது" என்று மூக்கைச் சுளித்தார். அப்புறம்தான் என் மடியைப் பார்த்தார். வழியில் தின்னலாம் என்று பாதி உரித்து வைத்திருந்த ஆரஞ்சு. தோலை எடுத்து மூக்கில் வைத்தார், கசாயம் குடிப்பவர்போல முகம் கோணியது, ஆனால் தோலைக் கீழே போடவில்லை. "இதுதான். தீஞ்ச ரப்பர் மாதிரி இருக்கு" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. நான் ஒவ்வொரு தோலாகக் கிள்ளிக் கொடுத்தேன், அவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, இதுவும் தீயுது, இதுவும் தீயுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பனி விலகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரிடம் சொன்னோம். வாசனை தப்பாக வந்தாலும் வருகிறதே, நரம்பு விழிக்கிறது என்று அர்த்தம், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, பொறுமையாக இருங்கள் என்றார். அதுபோதும் எனக்கு. நீயாக இதைப் பற்றி அவரிடம் கேட்காதே, ஆரஞ்சு ஆரஞ்சாகவே மணக்கும் நாளில் உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார். அதுவரை காரைப் பற்றிக் கேள், கேட்கக் கேட்க அவருக்கு வயசு குறைகிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, வெறுங்காலோடு தரையில் நடக்காதே, இருமல் வந்தால் தானாகப் போகும் என்று விட்டுவிடாதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய், குறையொன்றும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

என்றும் உன்னையே எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா