ஏரிக்கரையில் வெடிக்காத பட்டாசு

இன்று தீபாவளி. விடிவதற்குள்ளேயே நம் மாம்பலம் தெருவில் சரவெடி தொடங்கிவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியும் மருந்து வாசனை கூடத்துக்குள் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது பண்டிகை வாசனை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை, மாலை போட்ட படத்தில் இருக்கும் உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் ஒப்புக்கொள்வேன்?

தலைதீபாவளி எங்கள் வீட்டில். அடுத்த தீபாவளிக்கு மதுராந்தகத்துக்கு அப்பால் உங்கள் ஊருக்கு அழைத்துப்போனீர்கள். ஊரில் ஒரு வெடிச்சத்தம் இல்லை. யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். நீங்கள் ஏரியைக் காட்டினீர்கள். மரமெல்லாம் கூழைக்கடாவும் நாரையும். "விருந்தாளி வந்திருக்கும்போது யாராவது வெடி போடுவாங்களா?" என்றீர்கள். அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர்தான் நம் நெல்லுக்கு உரம் என்றும் சொன்னீர்கள். பிறகு, வங்கி அதிகாரியான நீங்கள், கம்பி மத்தாப்பைச் சுற்றியபடி ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வாயாலேயே "டமால்!" என்று கத்தினீர்கள். "நீயும் சொல்லேன்." கான்வென்டில் படித்தவள் நான். கடைசிவரை சொல்லவில்லை.

போன மாதம் ஒருவர் ஆப்பிள் பழப் பையோடு வந்தார். ஏரியை ஒட்டிய நம் நிலத்தைக் கேட்டார். பக்கத்து நிலங்களை வாங்கியாகிவிட்டதாம்; எல்லாம் மனைகளாகப் போகின்றனவாம். முதலில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னேன். பிறகு முடியாது என்றேன்.

"கோச்சிக்காதீங்க மேடம். ஏரிக்குப் பறவை வருதுன்னுதானே மனை போட ஆபீஸ்ல அனுமதி தரல? வரலன்னா?" சிரித்தார். "தீபாவளிக்கு ஊர்ல வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி பட்டாசு, நம்ம செலவு. பசங்க சந்தோஷமா இருக்கட்டுமே. நீங்களும் தனியா இருக்கீங்க, உடம்பப் பாத்துக்குங்க."

அன்றிலிருந்து பகலிலும் கதவைத் தாழிடுகிறேன்.

நேற்று, நம் நிலத்தைப் பயிரிடும் முனியம்மாவிடம் பேசினேன். "பெட்டி எல்லா வூட்டுக்கும் வந்துட்சிம்மா. பெரியவங்க தொடமாட்டோம். புள்ளைங்கள யாரு கட்டிப் போடறது?" என்றாள். ஒரு வீட்டில் பற்றவைத்தால் போதும். அடுத்த வருடம் அதுவே வழக்கமாகிவிடும். பிறகு அங்கே பறவைகள் வந்தன என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்கும்.

சற்று முன் மறுபடி அழைத்தேன். அவள் "அம்மா" என்றதும் ஒரு வெடி. நம் தெருவா, அங்கேயா?

"முனியம்மா, என்ன அது?"

"இங்க இல்லம்மா, உங்க பக்கந்தான்." அவளுக்குப் பின்னால் ஒரு கூச்சல். "இது எம் பேத்தி. ஐயா மாதிரியே வாயால வெடிச்சினுகிறா. பெட்டிய இன்னும் பிரிக்கல. பொழுது சாயற வரைக்கும் தாங்கணும்மா. அப்பதான பசங்க கைல தீக்குச்சி வரும்."

பொழுது சாய இன்னும் ஒரு பகல் முழுவதும் கிடக்கிறது. போனைக் குழந்தையிடம் கொடுக்கச் சொன்னேன்.

"டமால்," என்றேன் மெல்ல.

"சத்தமே வரல பாட்டிம்மா!"

ஜன்னலைத் திறந்துகொண்டு இன்னும் உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழைத்து, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் போனருகே கூட்டிவரச் சொல்வேன். அதன் பிறகும் அழைப்பேன். நீங்கள் கேட்டபோது நான் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இன்று பொழுது சாயும்வரை நான் அந்தப் பெட்டிகளைக் காவல் காக்க வேண்டும்.