இரண்டாவது ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு

கூடுவாஞ்சேரியில் நாம் வாசித்துப் பழகிய அறையை இன்று காலி செய்தோம். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்தபோது, பழைய பசையின் புளித்த வாடை கிளம்பியது. நீ நினைவுக்கு வந்தாய்.

நம் ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் நாம் நால்வரும் போட்ட கூச்சல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இரண்டாவதும் அப்படியே இருக்கும் என்று நினைத்தார்கள். ட்ரம்ஸ் வாசித்த நீதான் மறுத்தாய். "மச்சான், எத்தினி நாளு கத்திகினே இருப்ப? வூட்ல பேசற மாதிரி பாடேன்."

அப்படி வந்ததுதான் ஐந்தாவது பாட்டு. மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து நீ மெட்டுப் போட்டாய். உன் ட்ரம்ஸும் என் குரலும் மட்டும்.

அதைப் பதிவு செய்யவிருந்த வாரத்தில் உன் வலது கை மரத்துப்போனது. குச்சி நழுவி விழுந்தது. சரியாகத் தூங்கவில்லை என்றாய். செங்கல்பட்டில், ஆஸ்பத்திரியில், மூளையில் கட்டி என்றார்கள்.

நான் ஒரு முடிவோடு உன்னைப் பார்க்க வந்தேன். அந்தப் பாட்டில் ட்ரம்ஸே வேண்டாம், உன் இடம் காலியாக இருக்கட்டும் என்றேன். நீ சிரிக்கக்கூட இல்லை.

"காலியா வுட்டா, கேக்கறவன் அவன் ஹெட்செட்டு பூட்ச்சின்னு நெனைப்பான். கருங்குழி சர்ச்சுல ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு ட்ரம்ஸ் வாசிக்குது. அத்த கூப்புடு."

ஸ்டெல்லா வந்தாள். நீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் தொடையில் தட்டித் தாளம் காட்டினாய். கொஞ்ச நேரத்தில் அவள் அதை விட்டுவிட்டுத் தன் போக்கில் வாசிக்க ஆரம்பித்தாள். நான் நிறுத்தப் போனேன். நீ கை காட்டித் தடுத்தாய். பாட்டு முடிந்தது.

"என்னவிட நல்லா வாசிக்கிறா," என்றாய். "கொஞ்சம் பேஜாராத்தான் கீது. ஆனா இத்தையே வெச்சிக்கோ."

ஸ்டெல்லா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். "அவளுக்கு ஒரு டீ சொல்லுங்கடா," என்றாய்.

ஆல்பம் வந்தபோது நீ இல்லை. பழைய சத்தம் எங்கே போனது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் எங்கே வாசித்தாலும் ஐந்தாவது பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். ஸ்டெல்லாதான் வாசிக்கிறாள். அவளை உன்னோடு நான் ஒப்பிடுவதில்லை.

கூட்டம் கைதட்ட ஆரம்பித்தால் நான் பாட்டில் வேகம் பிடித்து ஓடுவேன், உனக்குத் தெரியும். "இன்னா அவசரம்?" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பாய். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன், உன் குரலில். மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, அடுத்த வரிக்கு மெதுவாகப் போகிறேன்.