பாச்சலூர் மெஷின்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் மழை. பாச்சலூர்க் கிளையிலிருந்து சண்முகசுந்தரி கூப்பிட்டாள். "அண்ணே, மெஷினு பாதியில சிக்கிக் கெடக்கு." மழையில் நெட் லைன் அறுந்து திரும்ப வந்தால் அப்படித்தான். கொடைக்கானல் ஆபீசில் இருந்தபடியே அவிழ்த்துவிட்டேன்.

மதியம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் சுப்புராஜ் கூப்பிட்டுச் சொன்னார். நம் மெய்நிகர் கணினிகளை எல்லாம் புதிதாக ஒரு நிர்வாகத் தளத்துக்குள் கொண்டுபோகிறார்களாம். கிளைகளில் இருப்பது திரையும் கீபோர்டும்தான். மெஷின்கள் எங்கோ டேட்டா சென்டரில். கிளைக்கு ஒரு ஹோஸ்ட் பூல், அதாவது மெஷின் தொகுப்பு, என்று பிரித்துக் கட்டியவன் நான். பத்தாவதோடு நின்று பூண்டு போட்டுக்கொண்டிருந்தவன், புத்தகத்தை வைத்துக்கொண்டு முட்டி மோதிக் கட்டினேன். என்னைக் கேட்டார்களா? சொன்னார்கள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

மதுரைக் கம்பெனியிலிருந்து ரம்யா என்ற பெண் வந்தாள். இருக்கிற பூலை உடைக்க மாட்டார்களாம், அப்படியே இம்போர்ட் செய்து தளத்தில் சேர்ப்பார்களாம். பிறகு, ஆள் இல்லாத மெஷினைத் தளமே அழித்துவிட்டு, தேவைப்படும்போது அதே அச்சில் புதியது ஒன்றை உண்டாக்கும். அந்தத் தளத்தை என் ஆயுளில் திறக்கமாட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"எந்த மெஷின்லயாவது, அதோட டிஸ்க்குலயே யாரோட ஃபைலாவது இருக்கா சார்? இருந்தா அதை மட்டும் தொடாம விட்டுரலாம்."

இருக்கிறது. எல்லோருடைய ஃபைலும் பொது இடத்தில் தனியாகச் சேரும். மழைக்குச் சிக்குகிறதே என்று பாச்சலூருக்கு மட்டும் மெஷின் டிஸ்க்கிலேயே வைத்துக் கொடுத்தேன். அங்கே சுந்தரி ஒருத்திதான், ஒரே மெஷின். இது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

"உங்க தளந்தான் எல்லாத்தையும் பாக்குமே. அதுவே பாத்துக்கிடட்டும்" என்றேன்.

செப்டம்பர் 12

அதே கேள்வியை மெயிலிலும் அனுப்பியிருக்கிறாள். பதில் போடவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இம்போர்ட் முடிந்தது. ஏதாவது ஒரு கிளையாவது நிற்கும் என்று காத்திருந்தேன். எதுவும் நிற்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சுந்தரி கூட்டத்துக்கு வந்திருந்தாள். அஞ்சல் வழியில் எம்.காம். படிக்கிறாள். அடுத்த மாதக் கடைசிக்குள் ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டால் பட்டம், பட்டம் வந்தால் கிளை மேலாளர் வேலை. மலைப்பூண்டு எப்படி விலைபோகிறது என்பதுதான் பொருள். மலைக்குக் கீழே வெள்ளகவி ஊருக்கு நடந்தே இறங்கி வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். "அட்டை கடிச்சத மட்டுந்தான் எழுதல. அதுக்கு எந்த அத்தியாயம்னு தெரியலண்ணே" என்று சிரித்தாள். கேட்டதையெல்லாம் அன்றன்றே நேராக மெஷினில் ஏற்றிவிடுகிறாளாம். கடைசி அத்தியாயம்தான் பாக்கி.

"பென்டிரைவுல ஒரு காப்பி எடுத்துக்கிடவாண்ணே?"

வைரஸ் வரும் என்று பென்டிரைவை அடைத்து வைத்திருப்பவன் நான். "எதுக்கும்மா? நான் இருக்கேன்ல" என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மெஷின்களை அழித்து உண்டாக்குகிற சோலியை இன்று தொடங்கிவிட்டார்கள். லாகவுட் செய்யாதவர்களின் மெஷினை அது தொடாதாம். சுந்தரி என்றைக்கு லாகவுட் செய்தாள்? திரையை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள். ஒன்றும் ஆகாது. பாச்சலூர் டிஸ்க் விஷயத்தை சுப்புராஜ் வந்து கேட்டால் சொல்லலாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூசை. வருடா வருடம் செய்வதுபோல எல்லாக் கிளைகளுக்கும் கூப்பிட்டுச் சொன்னேன். பூசைக்கு மெஷின் ஓய்வாக இருக்கவேண்டும், பாதியில் விட்ட வேலை எதுவும் உள்ளே கிடக்கக்கூடாது. இது நான் வைத்த வழக்கம். எல்லோருக்கும் சொன்னதைத்தான் சுந்தரிக்கும் சொன்னேன். "சுத்தமா லாகவுட் பண்ணிட்டு மூடும்மா."

"சரிண்ணே. சந்தனத்தைக் கீபோர்டுல வைக்கவா, திரையிலயா?"

"திரை ஓரத்துல வையி. போன வருசம் நீ கீபோர்டுல பொரியக் கொட்டி, எறும்பு டைப் அடிச்சது போதும்."

அக்டோபர் 3, வெள்ளி

மழை இல்லை. ஆனாலும் போன்.

"அண்ணே, எல்லாம் புதுசாக் கெடக்கு. என் ஃபோல்டரக் காணோம்."

மூடச் சொன்னது நான். லாகவுட் பண்ணு என்று கூப்பிட்டுச் சொன்னேனே — நானேதான. எங்க போச்சு புத்தி? அதுக்கு நாலு நாளைக்கு முன்னாடிதான், லாகவுட் பண்ணாத வரைக்கும் தொடாதுன்னு இதே நோட்டுல எழுதுனேன்.

ரம்யாவைக் கூப்பிட்டேன். மதியம் வரை தேடினாள். மெஷினோடு டிஸ்க்கும் போய்விட்டது, வேறு நகல் இல்லை. 'நான் கேட்டேனே சார்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 6, திங்கள்

ரம்யாவை வரவழைத்து சுப்புராஜ் என் முன்னாலேயே சத்தம் போட்டார். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே மூடுபனி.

அக்டோபர் 10

சாப்பிடப் பிடிக்கவில்லை. "தொண்டையில என்னத்த வச்சிருக்கீங்க? துப்பிட்டுச் சாப்பிடுங்க" என்கிறாள் என் மனைவி சோலையம்மாள். அவளிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 15, புதன்

வெள்ளனே பஸ் ஏறிப் பாச்சலூர் போனேன். சுந்தரி முதல் அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தவணைக்கு முடியாதாம். மேலாளர் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கிறார்களாம். எனக்கு டீ வாங்கி வந்தாள்.

"விடுங்கண்ணே. அந்த மதுரைப் பொண்ணு பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சும்மா. ரெண்டு வாட்டி கேட்டுச்சு. நான்தான் சொல்லல."

"ஏண்ணே?"

"என்னைக் கேக்காம என் மெஷினையெல்லாம் எடுத்தாங்கல்ல." சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்னதாக இருந்தது.

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "வெள்ளகவியில மறுபடியும் போயிக் கேட்டா சிரிப்பாங்கண்ணே" என்றாள். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பஸ்ஸு போயிரும். வெரசாப் போங்க."

அக்டோபர் 16

சுப்புராஜிடமும் சொல்லிவிட்டேன். ரம்யாவின் மெயிலுக்குப் பதில் போட்டேன்: 'ஆம். பாச்சலூரில் ஒன்று இருந்தது.' கேட்காமல் எடுத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். அதை வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தாண்டிக்குடிப் பக்கம் கரண்டே இல்லை என்றார்கள். பாச்சலூர் லைனும் போயிருக்கும். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாச்சலூரிலிருந்து போன் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

பத்து மணிக்கு அந்தத் தளத்தைத் திறந்தேன். ரம்யா எனக்கும் ஒரு லாகின் கொடுத்திருக்கிறாள், பார்க்க மட்டும். பாச்சலூர் பூல். ஒரு மெஷின். சண்முகசுந்தரி என்ற பெயருக்கு நேரே 'துண்டிக்கப்பட்டது' என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் அது பச்சையாக மாறியது. சிக்கவில்லை. அவளே உள்ளே வந்துவிட்டாள்.